கேள்வி எழவில்லை

“எவன்யா இந்த ஆபீஸ் சமாச்சாரத்தை எம்.எல்.ஏ. காதுல போட்டது? ஆள் யாருன்னு மட்டும் தெரியட்டும், அவனை வீட்டுக்கு அனுப்பிட்டுத்தான் மறுவேலை!”

என்ஜினீயர் ஆதிகேசவன் போட்ட சத்தத்தில் கரண்ட் ஆபீஸே கப்சிப் ஆனது. எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் ஓரக்கண்ணால் குமாஸ்தா நமச்சிவாயத்தைப் பார்த்தார்கள்.

அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் அதைச் சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்? சட்டசபையில் கேள்வி வந்திருப்பது அவன் பிறந்து வளர்ந்த தெருவைப் பற்றி. போதாக்குறைக்கு அவன் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

கேள்வி இதுதான். ‘(அ) காஞ்சிபுரம் பாவடித் தெருவில் மின்கம்பி ஆள் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்குவதை மின்சார அமைச்சர் அறிவாரா? (ஆ) அறிவார் எனில், எடுத்த நடவடிக்கை என்ன?’

மெட்ராஸில் கேட்பவர் எம்.எல்.ஏ., பதில் சொல்பவர் அமைச்சர். ஆனால் கேள்வி கோட்டையிலிருந்து ஆபீஸ் ஆபீஸாகப் படியிறங்கி, கடைசியில் நமச்சிவாயம் மாதிரி ஒரு குமாஸ்தாவின் மேஜைக்குத்தான் வந்து சேரும். அவன் எழுதுகிற பதில் அதே படிகளில் ஏறி அமைச்சர் கைக்குப் போகும். நாளைப் பகல் பன்னிரண்டு மணிக்குள் பதில் போயாக வேண்டும்.

கேள்வி வந்த, அரக்கு வைத்த உறையைப் பிரிக்காமலே அவன் காலையில் என்ஜினீயரிடம் கொண்டுபோய் நீட்டினான். அப்போதே பாவடித் தெரு ஃபைல், கட்டு அவிழ்ந்து அவர் மேஜைமேல் கிடந்தது. மேலிடத்திலிருந்து முன்கூட்டியே ஃபோன் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

மாலையில் தலைமைக் குமாஸ்தா சிட்டிபாபு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“டிவிஷன் ஆபீஸ்லேருந்து ட்ரங்க் கால் வந்துச்சுப்பா. வழக்கம்போல எழுதச் சொல்றாங்க. (அ) இல்லை. (ஆ) கேள்வி எழவில்லை. ரெண்டே வரி. எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா இரு.”

“ஃபைல்ல மூணு புகார் இருக்குதே சார். புதுக் கம்பம் கேட்டு நாமளே மூணு தபா மேல எழுதியிருக்கோமே?”

“ஃபைலை அமைச்சர் வந்து புரட்டப் போறாரா? இதோ பாருப்பா, நீ மட்டும் உண்மைய எழுதினே, எம்.எல்.ஏ.கிட்ட போனதும் நீதான்னு முத்திரை குத்திடுவாங்க. ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கினு இருக்கிறே.”

அன்று இரவு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. “இன்னாங்க, ஒடம்பு சரியில்லியா?” என்று மனைவி கலாவதி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்தான்.

மறுநாள் ஆபீஸ் போகும் வழியில் சைக்கிள் தானாகப் பாவடித் தெருவுக்குள் திரும்பியது. தறியில் ஏற்றப்போகும் பட்டு நூல் பாவைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டி, இழைகளுக்குக் கஞ்சி பூசிக்கொண்டிருந்தார்கள். பாவெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம்.

அண்ணன் திருஞானசம்பந்தம் பாவின் ஓரமாகவே நடந்து வந்தவர், கம்பி தொங்கும் இடத்தில் முதுகை வளைத்துக் குனிந்தார். தாண்டியதும் நிமிர்ந்தார். பின்னால் வந்தவர்களும் ஒருவர் விடாமல் அதே இடத்தில் குனிந்து நிமிர்ந்தார்கள். ஒரு வருஷத்தில் தெருவுக்கே அது பழகிப்போயிருந்தது.

“பயமா இல்லியாண்ணா?”

“இல்லாம இன்னா? தெனமும் பயந்துக்கினுதான் இருக்கிறோம். அதுக்கோசரம் பாவு காத்துக்கினு இருக்குமா? நீதான் கரண்ட் ஆபீஸ்ல இருக்கிறியே, எதுனா பண்ணேன்டா.”

அவன் சைக்கிளை மிதித்தான்.

ஆபீஸில் உட்கார்ந்து ‘(அ) இல்லை’ என்று எழுதினான். எழுதியதும் அண்ணனின் வளைந்த முதுகு கண்முன் வந்து நின்றது. கிழித்துப் போட்டான். இன்னொரு தாளை எடுத்தான்.

‘(அ) ஆம். (ஆ) தெருவாசிகள் மூன்று முறை புகார் கொடுத்துள்ளனர். புதுக் கம்பம் கேட்டு மேலிடத்துக்கு மூன்று முறை எழுதியும் இன்றுவரை அனுப்பப்படவில்லை.’ தேதிகளையும் ஒன்று விடாமல் போட்டான்.

தாளைப் பார்த்ததும் சிட்டிபாபு தலையில் கை வைத்துக்கொண்டார். “வேலைக்கு நீயே உலை வெச்சிக்கினியேப்பா!”

என்ஜினீயர் தாளை வாங்கிப் படித்தார். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். நமச்சிவாயத்துக்கு உயிரே போய்விட்டது.

“யோசிச்சித்தான் எழுதினியா?”

“யோசிச்சிருந்தா எழுதியிருக்க மாட்டேன் சார்.”

அவர் இன்னொரு தடவை படித்தார். பேனாவைத் திறந்து அடியில் கையெழுத்துப் போட்டார். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அதைப் பார்த்ததும் நேற்றிலிருந்து அடக்கி வைத்த அழுகையெல்லாம் நமச்சிவாயத்துக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

“ஏகாம்பரநாதர் சத்தியமா சொல்றேன் சார். எம்.எல்.ஏ. வூட்டுப் பக்கமே நான் போனதில்ல. என் வேலைய எடுத்துடாதீங்க சார்!”

“நீ போகலன்னு எனக்குத் தெரியும்.”

“தெரியுமா? எப்படி சார்?”

ஆதிகேசவன் சாத்திய கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“கண்ணைத் தொடைக்காத, இப்படியே அழுதுக்கினு வெளிய போ. நான் திட்டினதா எல்லாரும் நெனைக்கட்டும். எம்.எல்.ஏ.கிட்ட கேள்விய எழுதிக் குடுத்தவன் நான்தான்யா.”