ஜெனரல் தொலைத்த பதக்கம்

"பதக்கத்தைக் காணோம்" என்று மேடையில் நின்று கூசாமல் சொன்னார் ஜெனரல்.

முன்வரிசையில் இருந்த அவர் மனைவிக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலையில் அந்த மனுஷர் அதைச் சட்டையிலிருந்து கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டியதைக் கண்ணால் பார்த்தவர் அவர். முப்பது வருஷம் தலைமையாசிரியை வேறு. பொய் என்றாலே பற்றிக்கொண்டு வரும்.

முன்னாள் படைவீரர் சங்கத்தின் ஆண்டு விழா. அங்கே ஒரு கறாரான வழக்கம். பதவி எதுவானாலும் சரி, மண்டபத்தில் யார் நெஞ்சில் மிக உயர்ந்த வீரப்பதக்கம் இருக்கிறதோ, அவர்தான் கொடியேற்றவேண்டும். குத்தியிருந்தால்தான் செல்லும், பீரோவில் இருப்பது சேராது.

ஒன்பது வருஷமாக ஜெனரல்தான் ஏற்றினார். நாற்பது வருஷ சர்வீஸ், மூன்று போர், பதினேழு பதக்கம். எல்லாவற்றையும் குத்தினால் சட்டையே தெரியாது. இன்றைக்குப் பதினாறுதான். இருக்கவேண்டிய அந்த ஒரே வீரப்பதக்கம் மட்டும் இல்லை.

செயலாளர் பதறினார். "பாக்கெட்ல பாருங்க சார்."

"பார்த்துட்டேன்யா. வர்ற வழியில எங்கேயோ விழுந்திருக்கு."

அடுத்த பொய்! மனைவி விறுவிறுவென்று மேடைக்குப் போய்க் காதோடு சொன்னார்.

"பீரோவுல இருக்குன்னு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"உஷ்! போய் உட்காரு."

"இத்தனை பேர் முன்னாடி புளுகறீங்களே, வெக்கமா இல்ல?"

"எதிரியை ஏமாத்தினதுக்குத்தானே பதக்கமே குடுத்தாங்க."

அதற்குள் செயலாளர் பட்டியலைப் புரட்டியிருந்தார். "அடுத்த பெரிய பதக்கம்... லாரி டிரைவர் ஐயா!"

கடைசி வரிசையிலிருந்து ஒல்லியாக ஒருவர் எழுந்தார். நெஞ்சில் ஒரே ஒரு பதக்கம். உடைந்த பாலத்தின் மேல், குண்டுகளுக்கு நடுவே மூன்று தடவை லாரி ஓட்டி, காயம்பட்ட நாற்பது பேரைக் கரை சேர்த்தவர்.

"ஐயா இருக்கும்போது நானா?" என்று தயங்கினார்.

"விதின்னா விதிதான். நெஞ்சைப் பாருங்க, இன்னைக்கு உங்களுக்குக் கீழதான் நான். வாங்க!" என்றார் ஜெனரல்.

டிரைவர் கயிற்றை இழுத்தார். கொடி நேராக ஏறியது. விறைப்பாக நின்று முதல் சல்யூட் அடித்தவர் ஜெனரல்தான். பின்னால் மண்டபமே அடித்தது. டிரைவரின் மகள் அடக்கமாட்டாமல் அழுதுவிட்டாள்.

வீடு திரும்பும்போது காரில் மனைவி கேட்டார்:

"ஏங்க, நேரடியா அவரையே ஏத்தச் சொல்லியிருக்கலாமே?"

"ரெண்டு வருஷமா கெஞ்சிப் பார்த்தாச்சு. விதியை மீற மாட்டேன்னுட்டார். என்னைவிடப் பிடிவாதக்காரர். அவருக்கும் வயசாகுது, எத்தனை நாளைக்குக் கடைசி வரிசையிலேயே உட்கார்ந்திருப்பார்?"

"அதெல்லாம் சரி. பொய் பொய்தான். செயலாளர்கிட்ட உண்மையைச் சொல்லிடுங்க. இல்லேன்னா நான் சொல்லிடுவேன்."

"உன் இஷ்டம்."

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி நேராகப் போய் பீரோவைத் திறந்து பதக்கத்தைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. செயலாளர்தான்.

"அம்மா, சாரோட பதக்கம் கிடைச்சுதா?"

ஜெனரல் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். மூன்று போரில் வராத பயம் இப்போது வந்தது.

"வீடு பூரா சல்லடை போட்டுத் தேடிட்டோம் தம்பி" என்றார் தலைமையாசிரியை, பதக்கத்தைப் புடவை அடுக்குக்கு அடியில் தள்ளியபடி. "அடுத்த வருஷ விழாவுக்குள்ள கிடைக்கும்னுகூட எனக்குத் தோணலை."