கேப்டனின் காது

“என் வீட்டுக்காரருக்குக் காது கேட்க மாட்டேங்குது. இது நமக்குள்ள இருக்கட்டும். யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதே!”

கேப்டனின் மனைவி ரகசியமாகத்தான் சொன்னார். ஒர்க்‌ஷாப் அதிர்ந்தது.

ரேடியோ மெக்கானிக் பதறிப் போய்க் கதவைச் சாத்தினாள். நல்லவேளை, வெளியே ஓடுபாதை ஓரமாக ஒரு விமானம் உறுமிக்கொண்டிருந்தது. யார் காதிலும் விழுந்திருக்காது.

“மெதுவா பேசுங்கக்கா. பைலட்டுக்குக் காது கேட்கலைன்னு வெளியில தெரிஞ்சா அவர் வேலையே போயிடும்.”

“அவர்கிட்ட கத்திக் கத்தி இப்படிப் பழகிப் போச்சும்மா!”

பையிலிருந்து கேப்டனின் பழைய ஹெட்செட்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதைத்தான் மாட்டிக்கிட்டு ஓட்டுறார். இன்ஜின் இரைச்சல் மண்டையைப் பிளக்குமாமே! சத்தத்தைக் குறைக்கிற சாமான் ஏதோ வந்திருக்காமே, அதை இதுல பொருத்திக் கொடு. மிச்சம் இருக்கிற காதாவது பிழைக்கட்டும்.”

“பொருத்தலாம்க்கா. காதுல மாட்டுற கிண்ணத்துக்குள்ள குட்டியா ஒரு மைக் வைப்போம். அது இன்ஜின் இரைச்சலைக் கேட்டு, அதுக்கு நேர் எதிரான சத்தத்தை உண்டாக்கும். ரெண்டும் மோதி அடங்கிடும். கன்ட்ரோல் டவர்லேர்ந்து பேசுறது மட்டும் தெளிவா கேட்கும்.”

மெக்கானிக்கின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர் பெரிதாகச் சிரித்தார். “எங்க வீட்லயும் ரெண்டு பேர் எதிரெதிராத்தான் கத்துறோம். எங்கே அடங்குது?”

மெக்கானிக் திரும்பி உட்கார்ந்து, ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

“காது மெத்தை ரெண்டும் நைஞ்சு போச்சு. மாத்திடவா?”

“மெத்தையா? வீட்ல நல்ல மெத்தைதாம்மா. படுத்தா கும்பகர்ணன்தான் அவர்!”

நல்ல தமாஷான அக்கா என்று நினைத்துக்கொண்டாள் மெக்கானிக்.

“எப்போலேர்ந்துக்கா அவருக்கு இப்படி?” பக்கத்தில் போய்க் கேட்டாள்.

“போன வருஷத்துலேர்ந்து. காலிங் பெல் அடிச்சா நான் எழுந்து போக மாட்டேன், அவர்தானே பக்கத்துல இருக்கார்னு. அவரும் அசைய மாட்டார். வந்துட்டுப் போனவங்க அப்புறம் குறை சொல்வாங்க. அவர்கிட்ட கேட்டா, ‘அடிச்சுதா? எனக்குக் கேட்கலையே’ம்பார். டி.வி.யை அலற வச்சாத்தான் அவருக்குப் பத்துது.”

அக்கா போன பிறகு மெக்கானிக்குக்கு வேலை ஓடவில்லை.

ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு பறக்கிற மனுஷன். டவரில் ‘இறங்காதே’ என்று சொல்வது ‘இறங்கு’ என்று கேட்டால் என்ன ஆவது? மருத்துவப் பரிசோதனையில் எப்படித் தேறினார்? யாரையாவது சரிக்கட்டிவிட்டாரா?

மேலதிகாரிக்குச் சொல்லப் போனை எடுத்தாள். வைத்தாள். ஒரு தடவை நாமே சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்வோம் என்று தோன்றியது.

மறுநாள் ஹெட்செட்டை வாங்கிக்கொள்ள கேப்டனே வந்தார். வெளியே இன்ஜினை ஓடவிட்ட ஒரு விமானத்தில் அவரை உட்கார வைத்தாள். மாட்டிக்கொண்டு, பொத்தானைத் தட்டினார். முகம் மலர்ந்தது.

“அடேயப்பா! யாரோ கதவைச் சாத்தின மாதிரி இருக்கே!”

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பினார்கள். அவர் ஹெட்செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க, மெக்கானிக் சத்தமில்லாமல் அவருக்குப் பின்னால் போய், உள்ளங்கையில் இருந்த பொடி ஸ்க்ரூவைக் கீழே விட்டாள்.

“அலமாரிக்கு அடியில போயிடுச்சும்மா,” என்றார் கேப்டன், திரும்பாமலே.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள்: “இந்தக் காதா கேட்காத காது?”

“யார் சொன்னது?” என்று திரும்பினார் கேப்டன். “என் வீட்டுக்காரியா? ரகசியமாச் சொல்லியிருப்பாளே, ஊருக்கே கேட்கிற மாதிரி!”

“சிரிக்காதீங்க சார். நேத்து மேலிடத்துக்குச் சொல்லப் போனையே எடுத்துட்டேன்.”

“சொல்லியிருந்தாலும் தப்பில்லைம்மா. எனக்கு நிஜமாவே கேட்கலைன்னா நீ சொல்லத்தான் வேணும்.”

“அப்போ வீட்ல ஏன் இந்த நாடகம்? அக்கா உங்களை நினைச்சு உருகிப் போறாங்க. பாவம் இல்லையா?”

கேப்டனின் சிரிப்பு அடங்கியது. புது மெத்தையை விரலால் மெல்ல அழுத்தினார்.

“சாயங்காலம் காது டாக்டர்கிட்ட போறோம். கெஞ்சிக் கூத்தாடி, கூட வர இப்பத்தான் சம்மதிச்சா.”

“குண்டூசி விழுந்தாக்கூட கேட்கிற ஆளுக்கு டாக்டர் எதுக்கு?”

“ஸ்கூல்ல பாடம் நடத்துறவம்மா அவ. பிள்ளைங்க ஒண்ணு கேட்க, இவ ஒண்ணு சொல்ல, வகுப்பே சிரிச்சுதாம். பக்குவமாத்தான் பேச்செடுத்தேன். ‘நான் என்ன செவிடா?’ன்னு அன்னைக்கு முழுக்க அழுதா. உடனே, ‘உனக்கில்லை, எனக்குத்தான் கேட்கலை போலிருக்கு’ன்னு மாத்திட்டேன்.”

மெக்கானிக்குக்கு நேற்றைய ‘மெத்தை’ ஞாபகம் வந்தது.

“எனக்குத் துணைக்கு வர்றதா நினைச்சுக்கிட்டுக் கிளம்புறா,” என்றார் கேப்டன். “அவளுக்கு நான்தான் துணைன்னு டாக்டருக்கு மட்டும் தெரியும்.”