அமெரிக்கா ஜான்

"இந்த வீட்டுக் கம்ப்யூட்டரையும் அந்த வீட்டுக் கம்ப்யூட்டரையும் சேர்த்துக் கட்டிடணும் தம்பி. ரெண்டு வீட்டு ஆம்பளைங்களுக்கும் தெரியக் கூடாது."

தனபாக்கியம் சொல்ல, மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஹபீபுன்னிசா தலையாட்ட, ஜெக்கரியாவுக்குப் பகீரென்றது. பட்டுக்கோட்டையில் கம்ப்யூட்டர் கடை போட்ட நாளிலிருந்து இப்படியொரு கள்ள வேலைக்கு அவனை யாரும் கூப்பிட்டதில்லை.

"எதுக்கும்மா?"

"செஸ் ஆடத்தான்."

விஷயம் இதுதான். தனபாக்கியத்தின் கணவர் மாரியப்பனும் ஹபீபுன்னிசாவின் கணவர் இப்ராஹிமும் நகமும் சதையுமாக இருந்தவர்கள். இப்ராஹிம் துபாயிலிருந்து லீவில் வந்தால் போதும், ரெண்டு பேரும் செஸ் பலகையே கதியென்று கிடப்பார்கள். மாரியப்பன் மகள் கல்யாணத்தில் வந்தது வினை. ஊருக்கெல்லாம் தாம்பாளத்தில் வைத்துப் பத்திரிகை கொடுத்தவர், 'இப்ராஹிமுக்கு எதுக்கு, அவன் நம்ம வீட்டு ஆளாச்சே' என்று விட்டுவிட்டார். அந்தக் கல்யாணத்துக்கென்றே விமானம் ஏறி வந்த மனுஷன், வாசலேறி வந்து தன்னை அழைக்கவில்லையே என்று கதவைச் சாத்திக்கொண்டார். அதோடு பேச்சு நின்றது.

இப்போது இப்ராஹிம் நெஞ்சில் ஆபரேஷன் செய்துகொண்டு ஊரோடு வந்துவிட்டார்.

"ஒரு வார்த்தை பேசறதில்ல, ஒரு வாய் ஒழுங்கா சாப்பிடறதில்ல. இப்படியே போனா ஆளு தேறமாட்டாரு தம்பி. மாரியப்பன் அண்ணன்கூட ஆடினாதான் அவருக்கு உசிரு வரும்" என்று ஹபீபுன்னிசா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நேர்ல உக்கார வச்சா முறைச்சுக்குவாங்க. அமெரிக்காவுல ஜான்னு ஒருத்தர் கூட ஆடறீங்கன்னு ரெண்டு பேருகிட்டயும் சொல்லிடப் போறோம்" என்றார் தனபாக்கியம்.

"அப்ப ஒரே இன்டர்நெட்டை ரெண்டு வீட்டுக்கும் குடுத்துடட்டுமா?"

"ஐயய்யோ, வேணாம்" என்று மதிலின் ரெண்டு பக்கமிருந்தும் ஒரே குரல். "இங்க நெட்டு போனா அங்கயும் போயிடும், குட்டு உடைஞ்சிடும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற தம்பி."

ரெண்டு கம்ப்யூட்டரிலும் கூடுதலாக ஒரு நெட்வொர்க் கார்டைச் சொருகி, மதில் மேலே ஒரு வயரை ஓட்டினான் ஜெக்கரியா. செஸ் அந்த வயரில் ஓடும். இன்டர்நெட் அவரவர் டெலிபோன் லைனில் வரும். ஒன்றில் ஒன்று கலக்காது. 'கட்டின புருஷனை இப்படியா ஏமாத்துவாங்க, நல்ல பொம்பளைங்க' என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தான்.

ஆனால் மருந்து வேலை செய்தது. "ஜானைத் துவைச்சுத் தொங்கப் போட்டுட்டேன்" என்று இப்ராஹிம் தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தார். ஹபீபுன்னிசா கடைக்கே பிரியாணி கொடுத்தனுப்பினார்.

ஒருநாள் பகலில் போன்.

"தென்னை மட்டை விழுந்து மதில் மேல போற வயரு அறுந்துடுச்சுப்பா. சீக்கிரம் வந்து மாட்டு. நான் கூப்பிட்டேன்னு என் வீட்டம்மாகிட்ட மூச்சு விடாத."

பேசியது மாரியப்பன்.

"ஐயா, உங்களுக்கு... தெரியுமா?"

"முதல் நாளே தெரியும். பள்ளிவாசல்ல பாங்கு சொன்னதும் ஆட்டத்தைப் பாதியில விட்டுட்டு எழுந்து போற ஜான் எந்த அமெரிக்காவுலப்பா இருக்கான்?"

"தெரிஞ்சுக்கிட்டேவா தினம் தோக்கறீங்க?"

"வேணும்னுதான் தோக்கறேன். பொம்பளைங்க மதிலோரம் பேசிக்கிட்டது காதுல விழுந்துச்சு, ஜெயிச்சாதான் அவன் சாப்பிடறானாம். நான் விட்டுக் குடுக்கறேன்னு தெரிஞ்சா ரோஷக்காரப் பய, பட்டினி கிடப்பான். ஜானாவே இருந்துட்டுப் போறேன். நீ வா, நான் வாசல்ல நின்னு அவ வர்றாளான்னு பாத்துக்கறேன்."

ஜெக்கரியா ஓடினான். கொல்லைப்புற மதிலில் ஏணியைச் சாத்தி ஏறி எட்டிப் பார்த்தால், அந்தப் பக்கம் அறுந்த வயரின் மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு இப்ராஹிம் நிற்கிறார்.

"சத்தம் போடாம மாட்டுப்பா. நான் நிக்கறது அவனுக்குத் தெரிய வேணாம்."

"பாய், உங்களுக்குமா தெரியும்?"

"ராகுகாலம் முடியற வரைக்கும் ஒரு காயை நகர்த்த மாட்டேங்கறான். அமெரிக்காக்காரனாம்."

ஜெக்கரியாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஏணி ஆடியது.

"இருந்தாலும் பாய், தினம் நீங்கதானே ஜெயிக்கறீங்க? அதுல ஒரு சந்தோஷம்."

"என்ன சந்தோஷம்?" இப்ராஹிம் குரலைத் தாழ்த்தினார். "பொண்ணைக் கட்டிக் குடுத்த பின்னாடி அவன் வீடே வெறிச்சோடிக் கிடக்கு. ஒரு ஆட்டமாவது அவன் ஜெயிச்சு மனசு நிறையட்டும்னு, ராணியைக் கொண்டுபோய் அவன் வாயிலயே வைக்கிறேன். என்ன செஞ்சும் அந்தப் பய என்னைத் தோக்க விடமாட்டேங்கறான், ஜெக்கரியா."