இடிக்கச் சொல்லுங்க சார்

“சட்டத்த மீறிக் கட்டின வீடு சார். இடிக்கச் சொல்லி நோட்டீஸ் குடுங்க” என்று அதிகாரியின் மேசை முன் வந்து நின்றாள் வசந்தா.

சுனாமி வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கடலோர வீடு என்றாலே அதிகாரிக்குக் கோபம் வந்துவிடும்.

“கடல்லேர்ந்து எவ்ளோ தூரம்?”

“பெரிய அலை அடிச்சா வாசப்படி நனையும்.”

“இருநூறு மீட்டர் தள்ளித்தான் கட்டணும்னு ரூல் இருக்குது. எவம்மா கட்டினது?”

வசந்தா கொஞ்சம் தயங்கினாள். “மரக்காணம் குப்பத்துத் தனகோடி. கட்டி அஞ்சு வருஷம் ஆவுது. ரெண்டு ரூமு, ஓட்டுக் கூரை. நேர்ல வந்து பாக்கறீங்களா சார்?”

“கடற்கரைக்கா? நானா?” அதிகாரி நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார். “அதெல்லாம் வேணாம்.”

அவள் சொன்ன விவரமெல்லாம் எழுதி, ஒரு வாரத்துக்குள் வீட்டை இடிக்கும்படி கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி நீட்டினார்.

“அந்தாளு மேல அவ்ளோ பகையாம்மா?”

“பகையா? பேர் சொல்லவே வாய் கூசிச்சு சார். அவரு என் வூட்டுக்காரரு.”

“சொந்த வீட்டையா இடிக்கச் சொல்ற?”

“இடிக்க அங்க என்னா இருக்குது? சுனாமி வழிச்சுக்கினு பூட்ச்சு. பட்டா, ரசீது எல்லாம் அதோட போச்சு. வீடு இருந்ததுக்கு என்னா அத்தாட்சின்னு கேட்டு, பக்கத்து ரூம் சாரு மாத்து வீடு தரமாட்டேங்கறாரு.”

நோட்டீஸை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வசந்தா திரும்பினாள்.

“ஒரு வாரம் டைம்லாம் வேணாம் சார். இடிச்சாச்சுன்னே எழுதிக்குங்க.”