ஈரமில்லாத கை

அணைக்குக் கீழே ஆற்றுத் தண்ணீர் ஐஸாகக் குளிர்ந்தது. தூண்டிலில் இறகால் கட்டிய பொய்ப்பூச்சியை வீசிப் பிடித்த ட்ரவுட் மீனைப் படமெடுத்துவிட்டு ஆற்றிலேயே விட்டிருந்தான் துரைசிங். போன் நனையக் கூடாதென்று துடைத்த கையில்தான், படம் சரியாக வரும்வரை மீன் துடித்தது. நீரோட்டத்தோடு நடந்து ஆற்று வளைவைத் தாண்டினால், நண்பன் பெலிக்ஸ் மல்லாந்து மிதந்துவந்த மீன் ஒன்றை, மூச்சு திரும்பட்டும் என்று நீரோட்டத்தில் நிமிர்த்திப் பிடித்திருந்தான்.

“எவனோ கையை நனைக்காமத் தூக்கியிருக்கான்டா. பாரு, அது உயிரைக் காக்குற வழவழப்பெல்லாம் காஞ்ச கையில ஒட்டிப் போயி விரல் விரலாத் தடம். நீ எதாச்சும் பிடிச்சியா?”

“இல்லடா.”

“சரி, கொஞ்சம் பிடி. என் கை மரத்துப்போச்சு.”

துரைசிங் கையை நன்றாக நனைத்துக்கொண்டு வாங்கினான். தடம் இல்லாத இடமாகப் பார்த்துப் பிடிக்க முயன்றான். ஒவ்வொரு விரலும் அதனதன் தடத்தில் போய் உட்கார்ந்தது.