தண்ணீர் நிற்கிற படம்

மழை விட்ட காலை. பயிர்ச்சேதம் பார்க்க வந்த அதிகாரி திருவாரூர்ப் பக்கத்து வரப்பு ஒன்றில் போனைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார். பக்கத்து வயலில் தேங்கிய தண்ணீரில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது. பஞ்சநதத்தின் வயலில் வெறும் சேறு. அவரும் மனைவி கலைமகளும் டீசல் என்ஜின் வைத்து இறைத்துவிட்டார்கள். பாதி நெற்பயிர் பிழைத்து நிற்கிறது. "தண்ணியே இல்லையேங்க. நிவாரணத்துக்கு எப்படி எழுதுறது?" என்கிறார் அதிகாரி. கலைமகள் ஒரு கொத்தைப் பிடுங்கி நீட்டுகிறாள். கறுத்த வேர் நாறுகிறது. "மீதி எல்லாம் அழுகிப்போச்சு சார்." "போட்டோவுல வேர் தெரியாதும்மா, தண்ணி தெரியணும்." பஞ்சநதம் மண்வெட்டியை எடுத்துப் பக்கத்து வயலோடுள்ள இடைவரப்பை வெட்டுகிறார். "என்னங்க, நிக்கிற பயிரும் போயிடும்ங்க!" "போவட்டும். சார், செத்த நேரம் இருங்க." கலங்கல் நீர் பாய்ந்து பச்சைத் தாள்களைச் சாய்க்கிறது. அதிகாரி போனில் பார்க்கிறார். "பயிர் நுனி தெரியுதே," என்கிறார். "இன்னும் கொஞ்சம் ஏறட்டும்."