பத்தடிக்கு ஒரு குவியல்

மலர்க்கொடியின் வயலில் தண்ணீருக்குப் போர் போடுகிறார்கள். பத்தடி ஆழத்துக்கு ஒரு குவியலாக வரப்பில் எடுத்துவைத்த மண், வெயிலில் மஞ்சள், சாம்பல், கறுப்பு என்று நீள்கிறது. கடைசிக் குவியலில் கிடந்த கடல் சிப்பியை உபதேசியார் ஞானசிகாமணி வேட்டியில் துடைக்கிறார். "நோவா காலத்து வெள்ளம் கொண்டாந்தது, டீச்சர். நாப்பது நாள் மழை." "நாப்பது நாள்ல இத்தனை நெறமாவா மண்ணு படியும்? இங்க கடலே இருந்துச்சு. இந்தச் சிப்பி நமக்குத் தூரத்துச் சொந்தம், ஐயா," என்று விலங்கியல் ஆசிரியை மாதங்கி சிரிக்கிறார். பக்கத்து வயலில் உப்புத்தண்ணீர் வந்ததைப் பார்த்த மலர்க்கொடி மட்டும் சிரிக்கவில்லை. குழாயில் தண்ணீர் கொப்பளித்ததும் சொம்பில் பிடித்து இருவரிடமும் நீட்டுகிறார். "கடல் எப்ப வேணா வந்திருக்கட்டும். போயிடுச்சான்னு சொல்லுங்க." ஆளுக்கொரு வாய் குடிக்கிறார்கள். "போயிடுச்சு," என்கிறார்கள் இருவரும், சேர்ந்தாற்போல்.